எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு மடம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன். ஆயிரத்து இருநூறு வருடப் பழைய தேவாலயம் ஒன்றின் அடியிலும் சுற்றிலும் தோண்டுகிறார்கள். கிடைப்பது எலும்பு, உடைந்த கல், கருகிய மண், அவ்வளவுதான். கிறிஸ்தவக் கல்லறைகளில் நகையும் பானையும் வைப்பதில்லை. அப்படியிருக்க, “இங்கே துறவிகள் இருந்தார்கள், இந்தத் தொழில் செய்தார்கள், இப்படிச் செத்தார்கள்” என்று முழுக்கதை எழுதிவிடுகிறார்களே, பாதி கற்பனைதானே?

பாதி இல்லை. கொஞ்சம் உண்டு. எது கற்பனை, எது இல்லை என்பதைப் பொதுவாகப் பேசினால் வழவழவென்று போய்விடும். ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் டார்பட் நெஸ் என்ற தீபகற்பம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே போர்ட்மஹோமாக் என்று ஒரு மீனவ ஊர், அதன் ஓரத்தில் புனித கோல்மன் தேவாலயம். யார்க் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கார்வர் தலைமையில் 1994 முதல் 2007 வரை அங்கே அகழாய்வு நடந்தது. உங்கள் கேள்வியைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு பெரிய மடம் இருந்தது என்று எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவான அயோனாவின் மடத்தைப் பற்றிக் குறிப்புகள் இருக்கின்றன, இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தைப் பற்றி இருக்கின்றன, 8ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துறவி பீட் எழுதிய திருச்சபை வரலாறு இருக்கிறது. போர்ட்மஹோமாக் பற்றி ஒரு வரி கிடையாது. தெரிந்ததெல்லாம் மண்ணிலிருந்து வந்தது.

அந்தப் பகுதியில் அன்று வாழ்ந்தவர்கள் பிக்ட்டுகள். உடலில் வண்ணம் பூசியவர்கள் என்ற பொருளில் ரோமர்கள் வைத்த பெயர் அது. கற்களில் அற்புதமாகச் செதுக்கினார்கள். ஆனால் அவர்கள் எழுதியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு நூல்கூட நம் கைக்கு வந்து சேரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

துப்பு இரண்டு வழியில் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் போதகர் வீட்டுத் தோட்டச் சுவரில் ஒரு கல் கண்ணில் பட்டது. இலத்தீன் எழுத்துகள், அதுவும் குழித்து வெட்டியவை அல்ல, புடைப்பாக எழுப்பிச் செதுக்கியவை. இயேசு கிறிஸ்துவின் பெயரால், இன்னாரின் நினைவாக இந்தச் சிலுவை என்பது செய்தி. அந்த ‘இன்னார்’ யார் என்ற இடத்தில்தான் கல் தேய்ந்து போயிருக்கிறது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்தால் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் போன்ற கையெழுத்துப் பிரதிகளின் எழுத்து. ஏட்டில் எழுதிப் பழகிய கை ஒன்று கல்தச்சனுக்கு மாதிரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது துப்பு வானத்திலிருந்து. 1984இல் எடுத்த வான்படத்தில், தேவாலயத்தைச் சுற்றியுள்ள வயலில் வளைந்த பட்டை ஒன்று தெரிந்தது. இது ஒன்றும் மாயம் இல்லை. நம் ஊரில் தூர்ந்துபோன வாய்க்கால் மேல் பயிர் வைத்தால் அந்த வரிசை மட்டும் கருகருவென்று வளரும் அல்லவா, அதேதான். பழைய அகழி மண் மூடிப் போனாலும் அதற்குள் ஈரம் அதிகம் தங்கும். வறண்ட கோடையில் மற்ற பயிர் வெளிறும்போது அகழியின் மேலுள்ள பயிர் பச்சையாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் கோடு போட்டது மாதிரி தெரியும். அந்தக் கோடு, அயோனா மடத்தைச் சூழ்ந்திருந்த எல்லை அகழியின் வடிவத்தை ஒத்திருந்தது.

சரி, தேவாலயத்துக்குள் போவோம். வழிபாடு நின்றுபோன கட்டடம் அது. அருங்காட்சியகமாக மாற்றச் சீரமைப்பு நடந்த சமயத்தில் தரைக்கடியில் தோண்டும் வாய்ப்புக் கிடைத்தது. இப்படிப்பட்ட இடத்தில் தோண்டுவது புதையல் எடுப்பது போல இருக்காது. ஒரே சின்ன இடத்தில் பல நூறு வருடங்களாகத் திரும்பத் திரும்பப் புதைத்திருக்கிறார்கள். புதுக் குழி வெட்டும்போது பழைய குழியின் ஓரம் வெட்டுப்படும், பழைய ஆளின் முழங்காலுக்குக் கீழே காணாமல் போகும், அந்த எலும்பு புதுக் குழியின் மண்ணோடு கலந்து திரும்ப உள்ளே போகும். அதன்மேல் சுவர் எழும்பும். சுவரை இடித்து இன்னொரு சுவர் வரும். இந்தக் குழப்பத்தில் எது முந்தியது எது பிந்தியது என்று சொல்ல ஒரே ஒரு விதிதான்: வெட்டியது பிந்தியது, வெட்டுப்பட்டது முந்தியது. குழி சுவருக்கு அடியில் போனால் குழி பழையது. குழி சுவரின் அடித்தளத்தை அறுத்துக்கொண்டு போனால் சுவர் பழையது. சொல்லும்போது எளிது. கரணையை வைத்து மண்ணைச் சீவிக்கொண்டே போகும்போது, பழுப்பு மண்ணில் கொஞ்சம் தளர்வான பழுப்பு மண், அதுதான் குழியின் விளிம்பு. பழக்கம் இல்லாத கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் கற்றுக்கொண்ட நாட்களில் ஒரு விளிம்பைக் கவனிக்காமல் அரை அடி தாண்டிச் சீவித் தள்ளிவிட்டேன். திட்டு வாங்கியது பெரிதில்லை. வெட்டியது எது, வெட்டுப்பட்டது எது என்ற பதில் அந்த அரை அடியில்தான் இருந்தது, அது குப்பை மண்ணோடு போய்விட்டது.

எலும்பு தெரிந்ததும் இரும்புக் கரணை ஓரமாகப் போய்விடும். மூங்கில் குச்சி, பிரஷ், கரண்டி. கையெலும்புகள், கால்விரல் எலும்புகள் எங்கே கிடக்கின்றன என்பது முக்கியம். உடலைத் துணியில் இறுக்கிச் சுற்றியிருந்தால் தோள்கள் குறுகி, கால்கள் ஒட்டிக் கிடக்கும். பெட்டியில் வைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் இருந்ததால் எலும்புகள் சரிந்து விலகியிருக்கும். பெட்டி மட்கிப் போயிருந்தாலும் பெட்டி இருந்தது என்று எலும்பு சொல்லிவிடும்.

போர்ட்மஹோமாக்கின் மிகப் பழைய கல்லறைகள் கற்பலகைகளை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே மூடிய நீள்பெட்டிகள். நம் தொல்லியலில் கற்பதுக்கை என்கிறோமே, அந்தக் குடும்பம். ஆனால் நம் பெருங்கற்காலப் பதுக்கை போல உள்ளே பானை, இரும்பு, மணி எதுவும் கிடையாது. ஆள் மல்லாந்து, தலை மேற்கே, கால் கிழக்கே. அவ்வளவே. அடுத்து வந்த காலத்தில் முழுப் பதுக்கை குறைந்து, தலைக்கு இரண்டு பக்கமும் மட்டும் கல்லை வைத்து அணைகொடுக்கும் வழக்கம் வருகிறது. தலை மேற்கில் இருப்பதால் கிறிஸ்தவர் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பும் அந்தப் பகுதிகளில் அப்படிப் புதைத்திருக்கிறார்கள். பல அறிக்கைகள் இந்த இடத்தில்தான் அவசரப்படும்.

காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? பொருள் எதுவும் இல்லாத கல்லறைக்கு ரேடியோகார்பன்தான் கதி. எலும்பில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து எத்தனை நூற்றாண்டுக்கு முன் உயிர் நின்றது என்று கணக்கிடுவது. இதில் ஒரு பொறி இருக்கிறது, அது கடலோர ஊர்க்காரர்களுக்கு மட்டுமான பொறி. கடலில் உள்ள கரிமம் பழையது. ஆழ்கடல் நீர் நீண்ட காலம் காற்றைத் தொடாமல் கிடந்து மெல்ல மேலே வருவதால், நேற்றுப் பிடித்த மீனைச் சோதித்தாலும் சுமார் 400 வருடப் பழசு போலக் காட்டும். அந்த மீனையே தின்று வளர்ந்தவரின் எலும்பும், அவர் எவ்வளவு மீன் தின்றாரோ அந்த அளவுக்கு, உண்மையைவிடப் பழசாகக் காட்டும். ஆக, ஒருவர் எப்போது செத்தார் என்று தெரிய வேண்டுமானால் அவர் என்ன சாப்பிட்டார் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு எலும்பிலுள்ள புரதத்தில் கரிமம், நைட்ரஜன் இவற்றின் ஐசோடோப் விகிதத்தை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதை அளக்கிறார்கள். கடல் உணவுக்கு ஒரு விகிதம், நில உணவுக்கு இன்னொன்று.

போர்ட்மஹோமாக்கில் இப்படி அளந்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. மடம் வருவதற்கு முந்திய பிக்ட் காலத்து மனிதர்கள் மீன் தின்றதற்கான தடயமே ஏறக்குறைய இல்லை. வாசலில் கடல், கரையில் துறை, படகோட்டத் தெரிந்த மக்கள். ஆனால் சாப்பாடு வாற்கோதுமையும் மாடும் பன்றியும் ஆடும். மடம் நடந்த காலத்தில் சிறிதளவு மீன் வருகிறது. பல நூற்றாண்டு கழித்து, ஊர் மக்களின் தேவாலயமாக இருந்த காலத்தில் நன்றாகவே மீன் தின்கிறார்கள். முதலில் வந்தவர்கள் ஏன் தின்னவில்லை? பிக்ட் கற்களில் சால்மன் மீன் ஒரு குறியாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் மீனுக்கு ஏதோ புனிதம் இருந்து விலக்கியிருக்கலாம் என்று ஒரு கருத்து. இது நீங்கள் சொல்லும் கற்பனைப் பக்கம். மீன் தின்னவில்லை என்பது அளவீடு. ஏன் தின்னவில்லை என்பது ஊகம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் படிப்பவர்களுக்குச் சந்தேகம் வருகிறது, உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம், அங்கே துறவிகள் இருந்தார்கள் என்று எப்படிச் சொன்னார்கள்? முதல் சான்று இடுகாட்டின் ஆள்கணக்கு. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது, முழுமையாக இருந்தால், அவ்வளவு கடினம் இல்லை. வயதைப் பல்லின் தேய்மானம், இடுப்பெலும்பின் மூட்டுப் பரப்பு இவற்றை வைத்துத் தோராயமாகச் சொல்வார்கள். 8ஆம் நூற்றாண்டுப் பகுதியில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், நடுவயதும் அதற்கு மேலும். பெண்களும் குழந்தைகளும் அரிது. ஒரு சாதாரண ஊரின் இடுகாடு ஒருபோதும் இப்படி இருக்காது. அந்தக் காலத்தில் எந்த ஊரிலும் செத்தவர்களில் பெரும்பங்கு குழந்தைகள்தான்.

ஒப்பிட ஓர் ஊர் இடுகாட்டைக் காட்டுகிறேன். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ராண்ட்ஸ் என்ற ஊரில், 10, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சின்னஞ்சிறு தேவாலயம் ஒன்றையும் அதன் இடுகாட்டையும் முழுமையாக அகழ்ந்தார்கள். சுமார் 360 பேர். ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும். அதில் கைக்குழந்தைகளைத் தேவாலயச் சுவரை ஒட்டி, கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே நெருக்கமாகப் புதைத்திருக்கிறார்கள். கூரையில் விழும் மழைநீர் வழிந்து சொட்டும் இடம் அது. தேவாலயத்தின் கூரையைத் தொட்டு வரும் தண்ணீர் குழந்தையின் மேல் விழட்டும் என்று பெற்றவர்கள் நினைத்திருப்பார்கள், அது தொடரும் ஞானஸ்நானம் மாதிரி என்று விளக்கம் சொல்வதுண்டு. மறுபடியும் பாருங்கள், குழந்தைகள் சுவரோரம் கிடப்பது உண்மை. தண்ணீர்க் கதை ஊகம். ஆனால் இதை நான் நம்புகிறேன். அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசித்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திரும்ப போர்ட்மஹோமாக். பெரும்பாலும் ஆண்கள் என்பதால் மடம் என்று சொல்லிவிட முடியாது, படைவீடாகவும் இருக்கலாம் அல்லவா? இதற்கு விடை இடுகாட்டில் இல்லை. தேவாலயத்துக்குத் தெற்கே, வயலில் கிடைத்தது.

அங்கே ஒரு பட்டறை. கற்கள் பரப்பிய முற்றம், கல் பதித்த தொட்டி, தண்ணீர் வர வழி, அடுப்பு. மாட்டின் கால் எலும்புகள் தரையில் முளை அடித்தது போல வரிசையாக நட்டிருந்தன. கூழாங்கற்கள், உருண்டையாக, ஒரே அளவில், வெள்ளையாகப் பொறுக்கி எடுத்தவை. நுரைக்கல் துண்டுகள். ஒரு வளைந்த கத்தி. சாம்பலில், உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்குச் சின்னச் சுருள் ஓடுகள். கடற்பாசியில் ஒட்டி வாழும் ஒரு வகைப் புழுவின் கூடுகள் அவை.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் எதையும் சொல்லாது. தோல் ஏடு செய்யத் தெரிந்தவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டினால் சிரித்துவிடுவார். ஆங்கிலத்தில் அதன் பெயரைத் தமிழில் எழுதினால் ‘வெல்லம்’ என்று வந்து கரும்பு மணக்கும் என்பதால் தோல் ஏடு என்றே சொல்கிறேன். கன்றுக்குட்டித் தோலைக் காரநீரில் பல நாள் ஊறப்போட வேண்டும், அப்போதுதான் மயிர் விடும். வழக்கமாகச் சுண்ணாம்பு நீர். அந்தப் பகுதியில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதில்லை. அதனால் கடற்பாசியை எரித்துச் சாம்பலை எடுத்துக் காரநீர் செய்திருக்கிறார்கள், பாசியோடு புழுக்கூடும் எரிந்து சாம்பலில் தங்கிவிட்டது. மயிர் போன தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். ஆணி அடித்தாலோ ஓட்டை போட்டாலோ இழுப்பில் கிழிந்துவிடும். அதற்கு ஒரு தந்திரம்: தோலின் ஓரத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் தோலையே அதன்மேல் மடித்துச் சுருக்குக் கயிறு போட்டு முளையில் இழுத்துக் கட்டுவது. கல் குமிழ் மாதிரி நின்று கயிறு நழுவாமல் பிடிக்கும், தோலும் கிழியாது. கல்லில் கூர் இருந்தால் தோல் அறுந்துபோகும் என்பதால் உருண்டையாகப் பொறுக்க வேண்டும். முறுக்கேறிய தோலை நேரான கத்தியால் சுரண்டினால் முனை குத்திக் கிழிக்கும், ஆகவே பிறை போல வளைந்த கத்தி. கடைசியாக நுரைக்கல்லால் தேய்த்து மெருகேற்றினால் மை ஏறும் ஏடு தயார்.

இத்தனையும் ஒரே முற்றத்தில். கூழாங்கல்லுக்கு ஒரு விளக்கம், முளைக்கு இன்னொன்று, புழுக்கூட்டுக்கு வேறொன்று என்று தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து விளக்கக்கூடிய தொழில் இது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. இந்தத் தொழிலின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு: 716க்கு முன் வேர்மவுத்-ஜாரோ மடத்தில் எழுதப்பட்ட அமியாடினஸ் என்ற ஒற்றை விவிலியப் பிரதிக்கு 500க்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டது. நமக்குப் பனை ஓலை மரத்திலிருந்து வந்தது, அவர்களுக்கு ஏடு தொழுவத்திலிருந்து வந்தது. மடம் என்றால் ஜெபம் மட்டும் இல்லை, பெரிய மாட்டுப்பண்ணையும் கூட. கன்று வேண்டுமானால் மேய்ச்சல் நிலம் வேண்டும், நிலம் வேண்டுமானால் அரசனின் தயவு வேண்டும்.

அகழ்வில் வந்த சிற்பத் துண்டுகள் 200க்கும் மேல். அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு காளை, ஒரு பசு, ஒரு கன்று. பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. தொழுவத்தில் நின்று பார்க்காத சிற்பி அதைச் செதுக்கியிருக்க முடியாது.

இங்கேதான் அந்த இடத்தின் முரண் வருகிறது. நூல் எழுத ஏடு செய்து குவித்த மடம், ஆனால் எந்த நூலிலும் அதன் பெயர் இல்லை. அங்கே எழுதியவை எங்கே போயின என்பதற்கான பதில் அந்தப் பட்டறையின் மேலேயே கிடந்தது: கருகிய மண். 780க்கும் 810க்கும் இடையில் அந்தப் பட்டறை எரிந்திருக்கிறது. தீயின் இடிபாட்டோடு சிலுவைக் கற்களின் உடைந்த துண்டுகளும் கலந்து கிடந்தன. வீடு தானாகவே தீப்பிடிக்கலாம். ஆளுயரச் சிலுவைக்கல் தானாகத் துண்டு துண்டாகாது.

இனி தேவாலயத்துக்குள்ளே. ஒரு மண்டையோட்டில் வாள் போன்ற கனமான ஆயுதத்தின் வெட்டுகள். வெட்டின் ஓரம் கூர்மையாக, வழவழப்பாக இருக்கிறது. எலும்பு ஆறத் தொடங்கவே இல்லை, அதாவது அடிபட்டதும் செத்துப் போனார். இன்னொருவருக்கும் தலையில் வெட்டு, ஆனால் அதன் ஓரம் மழுங்கி உருண்டு, புது எலும்பு வளர்ந்திருக்கிறது. அவர் பிழைத்து, காயம் ஆறி, பிறகு வேறு ஏதோ காரணத்தால் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். அவ்வளவு பெரிய காயத்தோடு ஒருவர் பிழைத்தார் என்றால் பல வாரம் பக்கத்தில் இருந்து யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

793இல் லிண்டிஸ்ஃபார்ன், 795, 802, 806இல் அயோனா என்று கடல்வழி வந்த வைகிங்குகள் மடங்களைத் தாக்கிய காலம் அது. 806இல் அயோனாவில் 68 பேர் கொல்லப்பட்டதாக அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. போர்ட்மஹோமாக்கின் தீ இதே காலத்தில் விழுகிறது. ஆகவே இதுவும் அந்த ஸ்காண்டிநேவியக் கொள்ளையரான வைகிங்குகளின் வேலை என்றார்கள். செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன. என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் நிரூபணம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாள் வெட்டுக்கு நாடு கிடையாது. தனி ஒருவரின் எலும்புக்குக் கிடைக்கும் காலக்கணிப்பின் வீச்சு அகலமானது, அந்தத் தீ எரிந்த அதே நாளில்தான் அவர் வெட்டுப்பட்டார் என்று அது சொல்லாது. பக்கத்து அரசனின் ஆட்களும் மடத்தைக் கொளுத்தியிருக்கலாம், அயர்லாந்தில் கிறிஸ்தவ அரசர்களே அதைச் செய்திருக்கிறார்கள். சூழ்நிலைச் சான்று பலமாக இருக்கிறது, நேர்ச்சான்று இல்லை.

அகழ்ந்தவர்களே தங்கள் கருத்தை மாற்றிக்கொண்ட இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. புனித கொலும்பா 563இல் அயோனாவுக்கு வந்தவர், வடபகுதிப் பிக்ட்டுகளின் அரசனைப் பார்க்கப் போனவர். ஆகவே போர்ட்மஹோமாக் மடம் அவர் காலத்திலேயே, 6ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியிருக்கலாம் என்று முதலில் பேசினார்கள். கவர்ச்சியான கதை. பின்னர் எல்லாத் தேதிகளையும் மண்ணடுக்கு வரிசையோடு சேர்த்து அலசியபோது, 6ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்தது செல்வாக்குள்ள குடும்பங்களின் குடியிருப்பும் அவர்களின் கல்லறைகளும் என்றும், மடம் வந்தது 700ஐ ஒட்டித்தான் என்றும் 2016இல் வெளியான முழு அறிக்கையில் எழுதினார்கள். கொலும்பா கதையை எழுதிய அதே கை அதை அடித்துத் திருத்தியது. கற்பனை மட்டுமே என்றால் திருத்த வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இன்னொரு பக்கம், அங்குள்ள ஒரு கட்டடத்தின் அளவுகளில் பொன் விகிதம் (சுமார் 1.618க்கு 1 என்ற விகிதம்) இருக்கிறது, அது துறவிகளின் கணித அறிவு என்றும் எழுதியிருக்கிறார்கள். தூண் நட்ட குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, எதை எடுப்பது எதை விடுவது என்று நாமே முடிவு செய்தால், பொன் விகிதத்தை என் வீட்டுக் கொல்லையிலும் கண்டுபிடிக்கலாம். இதில் நான் உங்கள் கட்சி.

தீக்குப் பிறகு இடம் பாழாகவில்லை. எரிந்த பட்டறைக்கு மேலேயே உலோகம் உருக்குகிறவர்கள் அடுப்பு போட்டிருக்கிறார்கள். செம்புக் கலவையில் அணிகள், எடைக்கற்கள். ஏடு செய்யும் தொழில் மட்டும் திரும்ப வரவே இல்லை. வியாபாரம் நடந்திருக்கிறது, எழுத்து நின்றுவிட்டது. யார் அந்தக் கொல்லர்கள் என்பது தெளிவில்லை. பழைய ஆட்களின் மிச்சமாக இருக்கலாம், அல்லது கொளுத்தியவர்களே புது முதலாளியாக வந்திருக்கலாம்.

12ஆம் நூற்றாண்டில் அதே இடத்தில் கல்லால் ஆன ஊர்த் தேவாலயம் எழும்புகிறது. அதோடு இடுகாட்டின் முகம் மாறுகிறது. பெண்கள் வருகிறார்கள், குழந்தைகள் வருகிறார்கள், மீன் தின்றவர்கள் வருகிறார்கள். உடைந்த பிக்ட் சிற்பங்களைக் கட்டுமானக் கல்லாகச் சுவரில் வைத்துப் பூசியிருக்கிறார்கள், அதனால்தான் சில பிழைத்தன. பக்கத்து ஊரான ஹில்டனில் நின்ற பெரிய சிலுவைக்கல்லின் கதி இன்னும் மோசம். 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் அதன் சிலுவைப் பக்கத்தை மொத்தமாகச் செதுக்கித் தள்ளிவிட்டுத் தன் குடும்பத்துக் கல்லறைக் கல்லாக எழுதிக்கொண்டார். அதன் அடித்துண்டு 2001இல்தான் மண்ணிலிருந்து வந்தது.

நீங்கள் ‘கதை’ என்றீர்களே, அங்கே யாராலும் முழுமையாகக் கதை சொல்ல முடியாத ஒரு கல்லறையும் இருக்கிறது. தேவாலயத்தின் நடுவில், முக்கியமானவருக்கு மட்டும் கிடைக்கக்கூடிய இடத்தில், இடைக்காலத்தின் பிற்பகுதியில் புதைக்கப்பட்ட ஓர் ஆண். அவர் தலையைச் சுற்றி வேறு நான்கு பேரின் மண்டையோடுகளை வைத்திருக்கிறார்கள். சில காலம் கழித்துக் குழியைத் திறந்து இன்னோர் ஆணை அவர்மேல் கிடத்தியிருக்கிறார்கள். ஒரே குழியில் ஆறு தலை. முன்னோர்களா, பழைய கல்லறைகளைத் தோண்டும்போது கிடைத்த பெரியவர்களா, புனிதர்கள் என்று நம்பப்பட்டவர்களா? புதைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மண்டையோடுகளை அவர்கள் எறியவில்லை, தலைமாட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சில அடி தள்ளித்தான், நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டுப்பட்டுச் செத்தவர் தலைமாட்டுக் கற்களுக்கிடையே படுத்திருந்தார், அவர் இருப்பது இவர்களுக்குத் தெரியாமல்.